டியூனர் கார்டில் படம் கலங்கினால்: கொடைக்கானல் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

டிவி டியூனர் கார்டு (டிவி படத்தைக் கணினித் திரையில் காட்டும் அட்டை) பொருத்திய கணினியில் படம் கெடத் தொடங்கினால், பெரும்பாலானோர் முதலில் சந்தேகப்படுவது கார்டைத்தான். நாயுடுபுரம், பாம்பார்புரம், அட்டுவம்பட்டி பக்கங்களில் "கார்டு போய்விட்டது" என்று கழற்றி வைக்கப்பட்ட கார்டுகளைப் பலமுறை வாங்கிவந்து என் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை எந்தக் குறையுமின்றி வேலை செய்தன. நனைந்த ஒயர், சரியில்லாத எர்த், தேவையில்லாத பூஸ்டர் (சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) என்று குறை எப்போதும் கார்டுக்கு வெளியில்தான் இருந்தது. திரையில் விழும் கோலத்தை நிதானமாகப் பார்த்தால், தொந்தரவு எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். புதிய கார்டுக்குக் காசு கொடுக்கும் முன் அந்தக் கோலத்தைப் படிப்பது எப்படி, படித்த பிறகு என்ன செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

பிடி878, எஸ்ஏஏ7134 போன்ற சிப்புகளைக் கொண்ட இந்தக் கார்டுகள் அனலாக் காலத்துக்கு உரியவை. கேபிள் டிஜிட்டலாக மாறிய பிறகு, தெருவில் வரும் ஒயரை நேரே கார்டில் செருகிப் படம் பார்க்க முடியாது. ஆனாலும் செட்டாப் பாக்ஸின் படத்தைக் கணினியில் பார்க்கவும், பழைய கல்யாண கேசட்டுகளை விசிஆரில் ஓட்டிக் கணினியில் பதிவு செய்யவும் இவை இன்றும் பயன்படுகின்றன. காட்டேஜ் நடத்தும் குடும்பங்களில் சிலர், இரண்டு மூன்று செட்டாப் பாக்ஸ்களின் படத்தை மாடுலேட்டர் வழியாக அனலாக் சேனல்களாக மாற்றி எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறார்கள். அந்த ஒயரின் ஒரு கிளை அவர்கள் வீட்டுக் கணினிக்கும் வரும். இந்த மூன்று வகை இணைப்புகளையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஒயரைத் தொடும் முன் மென்பொருளின் அமைப்பைப் பார்த்துவிடுங்கள். நம் நாட்டு அனலாக் படம் பால்-பி (PAL-B) முறையைச் சேர்ந்தது: 625 வரிகள், நொடிக்கு 25 சட்டங்கள் (முழுப் படங்கள்), படத்தின் அலைக்கும் ஒலியின் அலைக்கும் இடையே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. மென்பொருளில் நாடு என்ற இடத்தில் பிரிட்டன் தேர்வாகியிருந்தால், அது ஒலியை 6 மெகாஹெர்ட்ஸில் தேடும். படம் நன்றாக இருக்க, ஒலி மட்டும் இரைச்சலாக இருக்கும். அமெரிக்க முறை தேர்வாகியிருந்தால் படம் உருளும், நிறமும் வராது. இந்தியா என்றோ பால்-பி என்றோ மாற்றியதும் சரியாகிவிட்டால், அதற்கு மேல் தேட வேண்டியது எதுவும் இல்லை.

அது சரியாக இருந்தும் படம் கலங்கினால், ஒரு சோதனை செய்யுங்கள். குறை தெரியும் சேனலை வைத்துக்கொண்டு, கார்டின் பின்புறமுள்ள ஆன்டெனா ஒயரை மட்டும் உருவுங்கள். சிக்னல் இல்லாதபோது திரையை நீலமாக்கும் வசதி மென்பொருளில் இருந்தால், அதை முன்பே நிறுத்தி வைக்க வேண்டும். ஒயரை உருவியதும் திரை முழுவதும் ஒரே சீராகப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால், கணினியின் உட்புறம் அமைதியாக இருக்கிறது, தொந்தரவு ஒயர் வழியாகத்தான் வருகிறது என்று பொருள். புள்ளிகளுக்கு நடுவிலும் அதே கோடுகளோ பட்டைகளோ தொடர்ந்தால், குறை கணினிப் பெட்டிக்குள்ளேயோ அதற்கு மிக அருகிலேயோ இருக்கிறது. அடுத்து, உருவிய அதே ஒயரை ஒரு சாதாரண டிவியில் செருகிப் பாருங்கள். டிவியிலும் அதே கோலம் வந்தால், ஒயரிலோ அதற்கு முந்தைய கருவியிலோ தேட வேண்டும். டிவியில் தெளிவாகவும் கணினியில் மட்டும் கலங்கலாகவும் இருந்தால், எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

இனிக் கோலங்களுக்கு வருவோம். மலையில் மிக அதிகமாகக் காண்பது புள்ளிகள்தான். படம் முழுவதும் மணல் தூவியது போலப் புள்ளிகள் விழுந்தால், சிக்னல் வலுவிழந்திருக்கிறது. அட்டுவம்பட்டியில் ஒரு பெரியவர் என்னை அழைத்து, "காலையில் ஒன்றுமே தெரிவதில்லை தம்பி, வெயில் ஏறினால் படமும் தெளிந்துவிடுகிறது" என்றார். அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. வெயிலோடு சேர்ந்து படம் தெளிந்தால், எங்கோ ஓர் இணைப்பில் ஈரம் இருக்கிறது. யூக்கலிப்டஸ் மரத்தில் கட்டி இறக்கியிருந்த ஒயரின் இணைப்பைத் திறந்தபோது, அலுமினியப் பின்னல் வெண்பொடியாக உதிர்ந்தது; நடுக்கம்பியின் மேலிருந்த செம்புப் பூச்சு போய், உள்ளிருந்த இரும்பு பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. நுரை போன்ற வெள்ளை உறையை விரலால் அழுத்தியபோது நுனியில் நீர் கசிந்தது. பின்னல் வழியாக நீர் வெகுதூரம் ஏறிவிடும் என்பதால், நுனியை மட்டும் வெட்டிவிட்டுப் புதிய கனெக்டரைப் போட்டால் பத்து நாளில் அதே குறை திரும்பும். பின்னல் பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வெட்ட வேண்டும். அப்படி ஓர் இடமே அகப்படாவிட்டால் ஒயர் முழுவதையும் மாற்ற வேண்டும்.

கனெக்டரைப் போடுவதிலும் கவனம் வேண்டும். மேலுறையைச் சீவியபின் பின்னலைப் பின்னோக்கி மடித்து, வெள்ளை உறையைச் சுமார் 6 மில்லிமீட்டர் விட்டு, நடுக்கம்பி கனெக்டரின் வாய்க்கு வெளியே சுமார் 3 மில்லிமீட்டர் நீளும்படி அமைக்க வேண்டும். பின்னலில் ஓர் இழை, தலைமுடியளவு மெல்லியதாக இருந்தாலும், நடுக்கம்பியைத் தொட்டுவிட்டால் படம் போய்விடும். வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்ப்பது நல்லது. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயரைத் துளைக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், துளை வழியாக உள்ளே வராது. வெளியிலுள்ள இணைப்புகளுக்குச் சாதாரண இன்சுலேஷன் டேப் போதாது. இங்குள்ள பனியில் அதன் பசை கழன்று உரிந்துவிடுகிறது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப்பைச் சுற்றுங்கள்.

ஒயர் நன்றாக இருந்தும் புள்ளிகள் வந்தால், வழியில் எத்தனை ஸ்ப்ளிட்டர்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் சிக்னலின் வலுவைச் சுமார் 3.5 டெசிபெல் குறைக்கும். நான்காகப் பிரிப்பது சுமார் 7 டெசிபெல். கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 ஒயரே 200 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 9 டெசிபெல் விழுங்கும். தேவையற்ற ஸ்ப்ளிட்டர்களை நீக்குங்கள். பயன்படாத வாய்களை 75 ஓம் முனையடைப்பான் கொண்டு மூடுங்கள். பூஸ்டர் வேண்டுமானால் ஒயரின் தொடக்கத்தில், சிக்னல் வலுவாக உள்ள இடத்தில் வைக்க வேண்டும். கணினிக்குப் பக்கத்தில் வைத்தால், அது வழியில் சேர்ந்த புள்ளிகளையும் சேர்த்தே பெரிதாக்கும்.

இரண்டாவது கோலம் குறுக்குப் பட்டை. இருண்ட அகலமான பட்டை ஒன்று படத்தின் குறுக்கே படுத்து, மெதுவாக மேலேயோ கீழேயோ நகர்ந்துகொண்டிருக்கும். இது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலை படத்தில் கலப்பதால் வருவது. நம் படமும் நொடிக்கு 50 புலங்களாக (ஒரு சட்டத்துக்கு இரண்டு பாதிகள்) வரையப்படுவதால் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. மின்சாரம் 50 ஹெர்ட்ஸிலிருந்து 0.1 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால், பட்டை திரையின் முழு உயரத்தையும் கடக்கப் பத்து நொடி எடுக்கும். பட்டை ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் எர்த் குறை. இரண்டாக இருந்தால் 100 ஹெர்ட்ஸ். அப்போது செட்டாப் பாக்ஸ், பூஸ்டர், மாடுலேட்டர் ஆகியவற்றின் அடாப்டரில் வடிகட்டும் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். அதே அளவுள்ள வேறு அடாப்டரைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் பட்டையின் வேகம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். மாறினால், அது மின்சாரத்திலிருந்துதான் வருகிறது என்பது உறுதி.

எர்த் குறை எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவதற்காக லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு இரு சிறு கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் எர்த் இல்லாவிட்டால், அல்லது மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகியிருந்தால், அந்த மின்னோட்டம் போக வழியின்றி, கணினிப் பெட்டி 230 வோல்ட்டின் பாதியளவுக்கு, அதாவது சுமார் 115 வோல்ட்டுக்கு மிதக்கும். பெட்டியைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று இழுப்பது இதனால்தான். கேபிள் ஒயரின் வெளிப் பின்னல் வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருந்தால், கார்டில் செருகிய நொடியே அந்த மின்னோட்டம் பின்னல் வழியாக ஓடிப் பட்டையை வரையும். எனவே ஒயரைக் கையால் பிடிக்கும் முன், பின்னலையும் கணினிப் பெட்டியையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால், வெறும் கசிவாக இல்லாமல் எங்கோ ஒயர் உரசி நேரடியாக மின்சாரம் ஏறியிருக்கவும் கூடும். மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கசிவு மட்டும்தான் என்று தெரிந்தால், முதல் மருந்து நல்ல எர்த். பாறை நிறைந்த மலைச்சரிவில், மேலாக ஒரு கம்பியை அடித்துவிட்டு எர்த் என்று பெயர் வைத்த வீடுகள் பல உண்டு. ஈரம் நிலைக்கும் இடத்தில் ஆழமாகக் குழி எடுத்து முறையாக எர்த் போட்ட பிறகு, பட்டையும் இழுப்பும் ஒன்றாக மறைந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்து, கணினி, செட்டாப் பாக்ஸ், பூஸ்டர் எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து இயக்குங்கள். ஆளுக்கொரு அறையிலிருந்து மின்சாரம் எடுக்கும்போதுதான் எர்த் சுற்று உருவாகிறது. இதற்குப் பிறகும் பட்டை மிஞ்சினால், ஒயருக்கும் கார்டுக்கும் இடையில் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சிறு துண்டைப் போடலாம்; டிவி சிக்னலை விட்டுவிட்டு 50 ஹெர்ட்ஸை மட்டும் தடுக்கும். பட்டை போவதற்காகப் பிளக்கின் எர்த் முனையை உடைப்பவர்கள் உண்டு. படம் தெளிந்தாலும் அதைச் செய்யாதீர்கள். அந்த முனைதான் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் காப்பது.

மூன்றாவது கோலம், மெல்லிய சாய்ந்த கோடுகளும் நிறக் கோடுகளும். மீன் முள் அடுக்கியது போன்ற கோடுகள் படத்தின் மேல் படர்ந்தால், வேறோர் அலை உங்கள் சேனலுக்குள் விழுந்திருக்கிறது. இதில் கொடைக்கானலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தமிழகத்தின் பல மாவட்டங்களுக்குக் கேட்கும் கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. ஊருக்குள்ளேயே கோபுரம் இருப்பதால், சமவெளிக்காரர்களுக்கு இல்லாத அளவு வலுவாக அந்த அலை நம் ஒயர்களில் ஏறுகிறது. வானொலி நிலையத்தின் மீது இதில் எந்தக் குறையும் இல்லை. தாங்கும் அளவுக்கு மேல் சிக்னல் ஏறிய பூஸ்டர், அதே அலையை இரட்டிப்பாக்கி 201 மெகாஹெர்ட்ஸில் தானே ஒன்றை உண்டாக்கிவிடுகிறது.

அந்த 201 எங்கே விழுகிறது என்று பாருங்கள். 8ஆம் சேனல் 195 முதல் 202 மெகாஹெர்ட்ஸ் வரை. அதன் பட அலை 196.25. நிறத்தைச் சுமக்கும் துணையலை அதற்கு 4.43 மெகாஹெர்ட்ஸ் மேலே, அதாவது 200.68இல் இருக்கிறது. 201க்கும் அதற்கும் 0.32 மெகாஹெர்ட்ஸ்தான் வித்தியாசம் என்பதால், கார்டு அதை நிறம் என்றே எடுத்துக்கொண்டு, திரையின் அகலத்தில் ஏறத்தாழ 16 நிறக் கோடுகளை வரைகிறது. நாயுடுபுரத்தில் என் வீட்டுக்கு வரும் கிளையில் இதே கோலம் வந்தபோது, நான் முதலில் கார்டைத்தான் திட்டினேன். பிறகு ஒரு சிறிய ரேடியோவில் 100.5ஐ வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அறிவிப்பாளர் பேசும்போது கோடுகள் நடுங்கின. அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நேராக நின்றன. பாட்டு தொடங்கியதும் மறுபடி நெளிந்தன. இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு முதல் வழி, பூஸ்டரை நீக்கிப் பார்ப்பது. என் வீட்டில் அதிலேயே பாதி போய்விட்டது. காட்டேஜ் மாடுலேட்டர் உங்கள் கையில் இருந்தால், 8ஆம் சேனலை விட்டு வேறொரு சேனலுக்கு அதை மாற்றிவிடலாம். இரண்டும் முடியாதபோது, ஒயரிலேயே ஒரு பண்பலைத் தடுப்பானைச் செய்யலாம். 100.5 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 2.98 மீட்டர், அதன் கால் பங்கு சுமார் 75 சென்டிமீட்டர். நுரை உறையுள்ள ஆர்ஜி-6 ஒயரில் அலை ஒளியின் வேகத்தில் சுமார் 83 விழுக்காட்டு வேகத்தில் செல்வதால், ஒயரின் நீளம் சுமார் 62 சென்டிமீட்டராகிறது. ஒரு 66 சென்டிமீட்டர் துண்டை எடுத்து, பூஸ்டருக்கு முன்னால், டி வடிவ இணைப்பான் கொண்டு பக்கவாட்டில் இணையுங்கள். மறுமுனை எதையும் தொடாமல் திறந்திருக்க வேண்டும். ஸ்ப்ளிட்டரைக் கொண்டு இணைத்தால் பயனில்லை, அது கிளைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடும். பிறகு திறந்த முனையை அரை அரை சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் நிறக் கோடுகள் சட்டென்று மங்கும், அங்கே நிறுத்திவிடுங்கள். இந்தத் துண்டு 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஷார்ட் போலவும், இரு மடங்கான 201 மெகாஹெர்ட்ஸுக்கு இல்லாதது போலவும் நடந்துகொள்ளும் என்பதால், 8ஆம் சேனலின் படம் அதனால் கெடாது.

ஒயரை உருவிய பிறகும் கோடுகள் தொடர்ந்தால் கணினியைத் திறக்க வேண்டும். கணினியை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, டியூனர் கார்டைக் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து எத்தனை ஸ்லாட் தள்ள முடியுமோ அத்தனை தள்ளிப் போடுங்கள். கார்டின் தங்க நிற விளிம்பை மென்மையான அழிப்பானால் தேய்த்துத் துடைத்து, பின்தகட்டின் திருகை இறுக்குங்கள். அந்தத் திருகு வழியாகத்தான் கார்டு பெட்டியோடு எர்த் ஆகிறது. மதர்போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது கோடுகளும் கூடினால், மல்டிமீட்டரால் எஸ்எம்பிஎஸ்ஸை அளந்து பாருங்கள். 12 வோல்ட் ஒயரில் 11.4க்குக் குறையாமலும் 12.6க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பெட்டிக்கு வெளியே இருப்பவற்றில் மலிவான எல்இடி பல்புகளும் மொபைல் சார்ஜர்களும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. மத்திய அலை ரேடியோ ஒன்றை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு பல்புக்கும் அருகே கொண்டுசெல்லுங்கள். எது அருகில் ரேடியோ உறுமுகிறதோ, அதை அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள்.

இடையூறு போலத் தோன்றினாலும் இடையூறு அல்லாதவை சில உண்டு. ஆள் கையை வீசும்போது மட்டும் விளிம்பில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தால், அது இரண்டு புலங்களைப் பின்னி ஒரு சட்டமாக்குவதால் வருவது. மென்பொருளில் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கினால் போதும். மெல்லிய கோடு போட்ட சட்டையில் வானவில் மின்னினால், மஞ்சள் பின் வழியாக வரும் காம்போசிட் படத்தின் இயல்பு அது. எஸ்-வீடியோ ஒயர் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கேசட் ஓட்டும்போது வெண்கீற்றுகள் தோன்றித் தோன்றி மறைந்தால், கார்டையும் ஒயரையும் விட்டுவிட்டுக் கேசட்டின் சிறு சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். இங்குள்ள ஈரத்தில் பல வருடங்கள் அலமாரியில் கிடந்த நாடாக்களில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். அப்படிப்பட்ட கேசட்டை விசிஆரில் போட்டால் ஹெட் அழுக்காகி, அடுத்து போடும் நல்ல கேசட்டும் கெட்டதாகத் தெரியும். முதலில் நாடாவைச் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள்.

உருவங்களுக்கு வலப்பக்கம் நிழல் விழுவது, தரைவழி ஆன்டெனா காலத்தில் எதிர்மலையிலிருந்து அலை திரும்பி வந்ததால் உண்டானது. அலை 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால், 40 சென்டிமீட்டர் அகலப் படத்தில் நிழல் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி விழும். வீட்டு ஒயரில் அத்தனை தூரம் இல்லை என்பதால், இணைப்பு சரியில்லாதபோது தனி நிழலாகத் தெரியாமல் எழுத்துகளின் விளிம்பு மட்டும் கலங்கும். அதற்கும் மருந்து ஒழுங்கான கனெக்டரும் 75 ஓம் ஒயரும்தான்.

இவை அனைத்தையும் சரிசெய்த பிறகு ஒன்றை மறக்க வேண்டாம். சித்திரை வைகாசியின் கோடை இடியிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும், மரத்தின் மேல் ஓடும் ஒயர் மின்னலின் தாக்கத்தை நேரே கார்டுக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. வானம் இருண்டு முதல் உறுமல் கேட்கும் முன்பே கணினியின் பிளக்கையும் ஆன்டெனா ஒயரையும் உருவிவிட்டு, உருவிய முனையைக் கணினிப் பெட்டியின் மேலேயே தொங்கவிடாமல், சன்னல் ஓரமாக ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இடி தொடங்கிவிட்ட பிறகு நினைவுக்கு வந்தால், ஒயரைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.